வாயும் வழக்கும்: ஆங்கில வேண்டற்சொற்களின் இலத்தீன் மூலம்

ஆங்கிலத்தில் 'ஆரட்டரி' என்னும் சொல் இருவேறு பொருளில் வழங்குகின்றது. சொற்பொழிவுக் கலை ஒன்று. சிறிய செபக்கூடம் மற்றொன்று. அவையில் நின்று பலரும் கேட்க உரத்துப் பேசும் தொழிலையும், தனியிடத்தே முழந்தாளிட்டு வாய்க்குள் முணுமுணுக்கும் இடத்தையும் ஒரே சொல் எவ்வாறு சுட்டலாயிற்று என்று வினவுவார்க்குச் சொல்வளம் பெருக்கும் கைந்நூல்கள் ஆயத்தமான விடை ஒன்றை வைத்திருக்கின்றன. இலத்தீனில் 'ஓஸ்' என்பது வாய். வேற்றுமை ஏற்குங்கால் அது 'ஓரிஸ்' எனத் திரியும். அவ்வடியினின்று 'ஓராரே' என்னும் வினை பேசுதல் என்ற பொருளில் பிறந்தது. பேசுதல் நாளடைவில் கடவுளோடு பேசுதலாயிற்று. ஆகவே வாய்மொழியைக் குறிக்கும் 'ஓரல்', சொற்பொழிவைக் குறிக்கும் 'ஒரேஷன்', செபத்தைக் குறிக்கும் 'ஆரிசன்', தெய்வவாக்கைக் குறிக்கும் 'ஆரக்கிள்', வணங்குதலைக் குறிக்கும் 'அடோர்' ஆகிய யாவும் வாயின் மக்களே என்பது அவ்விடை.

எளிமையும், நினைவிற் பதியும் இயல்பும் உடைய இவ்விளக்கம் வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. உண்மைக்கும் ஏற்றதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது. இக்கட்டுரையாளர் கருத்து, 'ஓரல்' ஒன்றே அக்குடும்பத்தில் வாய்க்கு உரியது, ஏனையவை வேறொரு குடியின என்பதாம். அவ்வாறாயின், பேச்சு வழிபாடாக உயர்ந்தது என்று நாம் சொல்லிவரும் வரலாறும் நிலைகுலையும்.

வாயினின்று இச்சொற்களைப் பிறப்பித்தவர் இக்காலத்தார் அல்லர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியப் பேரறிஞர் வார்ரோ, தம் இலத்தீன் மொழி பற்றிய நூலின் ஆறாம் பகுதியில் இவ்வுறவைக் கூறியுள்ளார். 'ஓராரே' வாயினின்று வந்தது என்று தொடங்கி, அதனோடு 'ஓராத்தியோ' என்னும் சொற்பொழிவையும் 'ஓராத்தோர்' என்னும் சொற்பொழிவாளனையும் சேர்த்து, முத்தத்தைக் குறிக்கும் 'ஓஸ்குலும்' என்பதையும் அவ்வரிசையிலேயே நிறுத்துகின்றார். முத்தம் வாயினின்று பிறந்தது என்பதில் ஐயமில்லை. 'ஓஸ்குலும்' என்பதன் நேர்ப்பொருள் சிறுவாய் என்பதே. ஐயமற்ற ஒன்றை ஐயத்துக்குரியவற்றோடு ஒரே தொடரில் வைத்தால், முன்னதன் உறுதி பின்னவற்றிற்கும் உண்டு போலத் தோன்றும். வார்ரோவின் பட்டியல் பெற்ற செல்வாக்கில் இவ்வமைப்புக்கும் பங்குண்டு எனலாம்.

அவர்க்குப் பின் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு கழித்து, செவில் நகர ஆயர் இசிதோர் தம் சொற்பிறப்பு நூலில் 'ஓராத்தியோ' என்பதை வாயின் அறிவு என்னும் பொருள்பட இரண்டு சொற்களாகப் பிரித்துக் காட்டினார். இசிதோர் 636இல் மறைந்தார். அவர் நூலோ இடைக்கால ஐரோப்பிய மடங்களில் கலைக்களஞ்சியமாகவே பயிலப்பட்டது. நாள்தோறும் 'ஓராத்தியோ' என்னும் பெயரால் செபம் செய்துவந்த துறவியர்க்கு, அச்சொல் வாயையும் அறிவையும் ஒருங்கே தாங்கி நிற்பதாகக் கூறிய விளக்கம் எத்துணை இனிதாக இருந்திருக்கும்! இனிமை சான்றாகாது.

இனி ஒலிநூல் வழியே இதனை நோக்குவோம். 'ஓஸ்' என்பது 'ஓரிஸ்' எனத் திரிதல் தனிப்பட்ட ஒரு சொல்லின் இயல்பன்று. மலரைக் குறிக்கும் 'புளோஸ்' என்பது 'புளோரிஸ்' எனவும், நாட்டுப்புறத்தைக் குறிக்கும் 'ரூஸ்' என்பது 'ரூரிஸ்' எனவும் திரியும். ஆங்கிலத்தின் 'புளோரல்', 'ரூரல்' என்பன அத்திரிபின் வழிவந்தன. இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட சகர ஒலி இலத்தீனில் ரகரமாக மாறிய பெருமாற்றத்தின் விளைவு இது. அம்மாற்றம் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நிறைவெய்தியது. 'பபீசியுஸ்' என்றிருந்த தம் குடிப்பெயரைப் 'பபீரியுஸ்' என்று மாற்றி வழங்கிய முதல்வர் இன்னார் என்று சிசரோ தம் நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது.

இதனாற் பெறப்படுவது யாது? 'ஓராரே' வாயினின்று வந்ததாயின், அதன் ரகரம் பழைய சகரத்தின் திரிபாதல் வேண்டும். மாற்றத்திற்கு முன் அது 'ஓசாரே' என ஒலித்திருத்தல் வேண்டும். வாயோடு தொடர்பில்லையாயின், அதன் ரகரம் தொன்றுதொட்டே ரகரமாக இருந்திருக்கும். இலத்தீனை மட்டும் வைத்துக்கொண்டு இவ்விரண்டனுள் ஒன்றைத் தெளிதல் இயலாது. கி.மு. 451–450இல் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தில் இவ்வினை காணப்படுகின்றது என்பது உண்மையே. ஆயின் அச்சட்டத்தின் மூலப்படி அழிந்துபோயிற்று. பிற்காலத்தார் தத்தம் நூல்களுள் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. அவற்றின் எழுத்தும் பிற்கால வழக்கிற்கேற்ப மாற்றப்பட்டது. எனவே அங்கே ரகரம் இருத்தல் கொண்டு ஒன்றும் நாட்ட முடியாது.

துணைக்கு வருவது இலத்தீனின் உடன்பிறப்பு மொழியாகிய ஆஸ்கன். தென்னிதாலியில் உரோமானிய ஆட்சி பரவுமுன் வழங்கி, பின்னர் வழக்கொழிந்த மொழி அது. 1790இல் பண்டியா என்னும் பழைய ஊர்ப்பகுதியை அடுத்து வெண்கலப் பலகை ஒன்றன் துண்டு கண்டெடுக்கப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் இலத்தீன் சட்டமும், மறுபக்கத்தில் இலத்தீன் எழுத்தால் பொறிக்கப்பட்ட ஆஸ்கன் சட்டமும் உள்ளன. ஆஸ்கன் பகுதியின் காலம் கி.மு. 100ஐ ஒட்டியது. அப்பலகையில் 'உருஸ்ட்' என்றொரு வினைமுற்று வருகின்றது. வழக்குரைத்து முடித்திருப்பான் என்பது அதன் பொருள். இலத்தீன் 'ஓராரே' என்பதற்கு இனமான வினை இதுவென்று அறிஞர் கொள்வர். அதன் ரகரத்தை நோக்குக. ஆஸ்கன் மொழியில் இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட சகரம் ரகரமாவதில்லை. மென்மையாக ஒலிப்பதோடு நின்றுவிடும். இலத்தீனில் 'ஆரும்' என முடியும் வேற்றுமைப் பன்மை, இதே பலகையில் ஒலிப்புடைய சகரத்தோடு 'ஆசும்' என்றே முடிகின்றது. ஒரே பலகையில், சகரம் திரியாத மொழியில், இவ்வினை மட்டும் ரகரம் பெற்று நிற்குமாயின், அந்த ரகரம் சகரத்தின் வழிவந்தது அன்று என்பது பெறப்படும். வார்ரோவின் கட்டடம் இவ்வொரு சொல்லில் இடறுகின்றது. இலத்தீன் இலக்கியப் பரப்பு முழுவதும் தேடியும் கிடைக்காத சான்று, உடைந்த பலகை ஒன்றில், இறந்த மொழியின் ஒரு வினைமுற்றில் கிடைத்தது.

ஒலியினும் ஒருபடி மேலாக நம் கருத்தைக் கவர்வது அவ்வினை நிற்கும் இடம். பண்டியாப் பலகை மறைநூலும் அன்று, சொற்பொழிவும் அன்று. குற்றம் சாட்டும் அலுவலன் எத்தனை முறை வழக்குரைத்தபின் தீர்ப்புக் கேட்கலாம் என்பன போன்ற நடைமுறைகளை வகுக்கும் சட்டம் அது. பன்னிரு பலகையிலும் இவ்வினை வழக்கு நடைமுறை பற்றியே வருகின்றது. இவை தற்செயலாக நேர்ந்தன அல்ல என்பதற்குத் தனிச்சான்று 'அதோராரே' என்னும் கூட்டுவினை. ஆங்கிலத்தில் 'அடோர்' என வந்து, தெய்வத்தை வழிபடுதலையும், தளர்ந்த வழக்கில் பனிக்கூழை விரும்புதலையுங்கூடக் குறிக்கும் இச்சொல், பன்னிரு பலகையில் களவுக்காக வழக்குத் தொடுத்தல் என்னும் பொருளில் ஆளப்பட்டது. பழஞ்சொற்பொருள் தொகுத்த பெஸ்துஸ் என்பாரின் நூல், பவுல் என்னும் துறவியின் சுருக்கத்தின் வழியாக நமக்கு எட்டியுள்ளது. அந்நூலும் முன்னோரிடத்து 'அதோராரே' என்பது வழக்கை நடத்துதலைக் குறித்தது என்று வெளிப்படக் கூறி, தூதுவர்க்கு 'ஓராத்தோர்' என்னும் பெயர் வந்ததும் அவர் மக்கள் சார்பில் காரியம் நடத்துவதனாலே என்று காரணமும் காட்டுகின்றது. வலக்கையை உதட்டிற் சேர்த்து வணங்கும் உரோமானிய வழக்கத்தைப் பிளினி குறித்துள்ளார். அதனைக் கொண்டு 'அதோராரே' என்பதை வாயோடு இணைத்துப் பேசுவாரும் உளர். வணக்கமுறை பிற்காலத்தது, வழக்குப்பொருளோ அதனினும் முந்தியது. பிந்திய பழக்கம் முந்திய சொல்லைப் பெற்றெடுத்தல் யாங்ஙனம்?

'ஓராத்தோர்' என்பதன் வரலாறும் இதற்கு அரண் செய்கின்றது. சிசரோவின் காலத்து நாவலனை மனத்திற் கொண்டு பழைய நூல்களைப் படிப்போர் இடர்ப்படுவர். லிவியின் வரலாற்றில் பகைநாட்டிற்குச் சமாதானம் வேண்டிச் செல்லும் தூதுவர் இப்பெயராற் குறிக்கப்படுகின்றனர். தெரென்ஸ் இயற்றிய 'மாமியார்' என்னும் நாடகம் இருமுறை அரங்கேறாமற் கலைந்து, கி.மு. 160இல் மூன்றாம் முறை மேடையேறியது. அப்போது முன்னுரை கூறவந்த முதுநடிகர் தம்மை 'ஓராத்தோர்' என்று அறிமுகப்படுத்திக் கொள்கின்றார். சொல்வன்மையைக் காட்ட வந்தவர் என்பது அவர் கருத்தன்று. நாடகத்தின் சார்பில் முறையிட வந்தவர் என்பதே கருத்து. வேண்டி வெற்றி கொள்பவனாகத் தம்மை ஆக்கியருளுமாறு அதே வினையின் மற்றொரு வடிவத்தால் அவையோரைக் கேட்டுக்கொள்வதும் இதனை வலியுறுத்தும். எவ்வளவு முறையிட்டும் இளகாதவனைக் குறிக்கும் 'இன்எக்ஸரபிள்' என்னும் ஆங்கிலச் சொல்லில் அப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கின்றது. அதனுட் பேச்சும் இல்லை, வாயும் இல்லை, இரங்காமையே உள்ளது.

ஆகவே, 'ஓராரே' என்பது தொடக்கத்தில் வெறும் பேச்சைக் குறித்தது, பின்னரே வேண்டுதலைக் குறித்தது என்னும் வரிசை தலைகீழாயிற்று. ஒருவர் தம் பொருட்டோ பிறர் பொருட்டோ, முடிவு செய்யும் ஆற்றல் உடையார் முன்னிலையில், வரையறுத்த முறைப்படி எடுத்துரைத்தலே அதன் பழம்பொருள். அதிலிருந்து ஒரு கிளை மன்றத்திற் பேசும் திறமையாகச் சிசரோவிடமும் குவிந்திலியனிடமும் சென்றது. மற்றொரு கிளை கடவுள்முன் முறையிடுதலாகக் கிறித்தவ இலத்தீனுக்குச் சென்றது. சொற்பொழிவும் செபமும் தாயும் மகளும் அல்ல; ஒரு தாயின் இரு மக்கள்.

இங்கே தடை ஒன்று எழும். கிரேக்கத்தில் 'அரா' என்பது வேண்டுதலையும் சாபத்தையும் குறிக்கும். ஹோமர் காப்பியத்தில் பூசாரிக்கு அதனடிப் பிறந்த பெயர் உண்டு. ஹிட்டைட்டு மொழியில் 'அரிய' என்பது தெய்வக்குறி கேட்டலாகும். இவற்றை 'ஓராரே' என்பதன் இனமாகச் சொற்பிறப்பறிஞர் பலர் கொள்வதால், சமயப்பொருளே முந்தியது என்று கூறலாகாதோ என்பது அத்தடை. ஹிட்டைட்டு இந்தோ-ஐரோப்பிய மொழி என்பதே 1915இல் ஹ்ரோஸ்னி வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பின்னர்தான் தெளிவாயிற்று. வார்ரோவுக்கும் 19ஆம் நூற்றாண்டினர்க்கும் இவ்வொப்பீடு கிட்டவில்லை. இத்தடையைப் புறக்கணித்தல் முறையன்று. இலத்தீனுக்கு முற்பட்ட நிலையில் இவ்வடி தெய்வத்தை நோக்கிய உரையைச் சுட்டியிருத்தல் கூடும். ஆயின் பழைய உரோமில் வழக்குமன்றமும் வழிபாடும் இன்றுபோல் பிரிந்து நின்றவை அல்ல. வழக்குத் தொடுப்பான் சொல்லவேண்டிய வாய்பாடுகளைக் காத்துவந்தோர் குருமார் குழுவினரே. ஒரு சொல் பிறழினும் வழக்குத் தோற்கும். இரண்டிடத்தும் உரை வரையறுக்கப்பட்டது; இரண்டிடத்தும் கேட்பவன் வலியன். எனவே அத்தடை வாயை மீட்டுத் தராது; மன்றத்தின் பின்னே மறைந்து நின்ற கோயிலைக் காட்டுவதோடு அமையும்.

கிறித்தவ இலத்தீனில் இவ்விரு கிளைகளும் நேருக்குநேர் சந்தித்த இடம் ஒன்றுண்டு. மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியராக இருந்து பின் ஆயரான அகுஸ்தீன், 426ஐ ஒட்டி முடித்த கிறித்தவக் கல்வி பற்றிய நூலின் நான்காம் பகுதியில், மறையுரையாற்றுவோன் பேசுபவன் ஆவதற்கு முன் 'ஓராத்தோர்' ஆகுக என்கின்றார். சிசரோவின் மாணவர் எவரும் இதைக் கேட்டுத் திகைப்பர். பேசுபவனாவதற்கு முன் பேச்சாளனாவது எங்ஙனம்? வேண்டுபவன் என்னும் பொருளை எடுத்துக்கொண்ட பின்னரே தொடர் விளங்கும். தாம் கற்பித்த கலையின் பெயரையே எடுத்து, அதனைப் பழம்பொருளிற் கொண்டு நிறுத்திய நயம் அறிந்து சுவைத்தற்குரியது. பெனெதிக்துவின் ஒழுங்குநூல் 52ஆம் இயலில் மடத்துச் செபக்கூடம் தன் பெயருக்கேற்ப விளங்குக, வேறொன்றும் அங்கே நிகழற்க என விதிக்கும்போது, 'ஓராத்தோரியும்' என்பதில் சொற்பொழிவு நினைவு முற்றும் அற்றுப்போயிருத்தலைக் காண்கின்றோம். ஆங்கிலம் இவ்விரு கிளைகளையும் வேறுவேறு வாயில்களில் ஏற்றது. செபமாகிய 'ஆரிசன்' பழைய பிரெஞ்சின் வழியாகத் தேய்ந்து வந்தது. சொற்பொழிவாகிய 'ஒரேஷன்' நேரே நூலிலிருந்து தேயாமல் எடுக்கப்பட்டது.

அங்ஙனமாயின் பேச்சுச் சொற்கள் சமயத்துள் புகவே இல்லையோ எனின், புகுந்தன. ஆயின் வேறு திசையில் புகுந்தன. 'செர்மோ' என்பது இலத்தீனில் உரையாடல். ஹொராஸ் தம் அங்கதப் பாடல்களுக்கு அப்பெயரே இட்டார். அது ஆங்கிலத்தில் 'செர்மன்' ஆகி, மேடையில் நின்று குரு கீழிருப்பார்க்கு ஆற்றும் உரையைக் குறித்தது. பறைசாற்றுதலாகிய 'பிரெதிகாரே' என்பது 'பிரீச்' ஆயிற்று. சொல்லுதலாகிய 'பாரி' என்பதனடியாகத் தெய்வங்களாற் சொல்லப்பட்டுவிட்டது என்னும் பொருளில் 'பேட்', அதாவது ஊழ், பிறந்தது. சொல்லறியாப் பருவத்தினரைக் குறிக்கும் 'இன்பன்ட்' என்பதும் அதன் வழியதே. 'வெர்பும்' என்பது யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் கடவுளின் வார்த்தைக்கு உரிய பெயராயிற்று. எராஸ்முஸ் 1519இல் அவ்விடத்தில் 'வெர்பும்' நீக்கிச் 'செர்மோ' பெய்து பதிப்பித்தபோது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. மறுஆண்டே தம் மொழிபெயர்ப்புக்கு ஒரு தனி மறுப்புரை எழுத நேர்ந்தது. தெர்துல்லியன் காலத்திலேயே ஆப்பிரிக்க இலத்தீனில் 'செர்மோ' அவ்விடத்தில் வழங்கியதை அவர் சுட்டிக்காட்டியும் பழக்கம் இடங்கொடுக்கவில்லை.

இச்சொற்களின் போக்கை 'ஓராரே' என்பதோடு ஒப்புநோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். வெறும் பேச்சைக் குறித்த சொற்கள் சமயத்துட் சென்று, மேலிருந்து கீழ்நோக்கி வரும் உரைக்கே பெயராயின: இறைவார்த்தை, ஊழ், மறையுரை. கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் உரைக்குப் பெயரானவையோ, தொடக்கத்திலேயே கேட்டலையும் முறையிடலையும் குறித்தவை. 'இன்வோக்' என்பது இதற்கு விலக்குப் போலத் தோன்றலாம். அதன் அடியாகிய 'வொகாரே' சொல்லுதல் அன்று, அழைத்தல்; உரோமில் எதிரியை வழக்குமன்றத்திற்கு இழுப்பதற்கும் அவ்வினையே உரியது.

இனி, ஆங்கிலத்தின் முதன்மையான செபச்சொல்லுக்கு வருவோம். 'பிரே' என்பது இலத்தீன் 'பிரெக்காரி' என்பதனின்று பழைய பிரெஞ்சின் வழியாக 13ஆம் நூற்றாண்டில் வந்தது. கேட்டல், இரத்தல் என்பன அதன் பொருள். வடமொழிப் 'பிரச்ன' என்பதும் செருமானியரின் 'பிராகன்' என்பதும் இதன் இனங்கள். இரண்டும் வினாவுதலையே குறிக்கும். தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் 'பிரச்சினை' அவ்வடமொழிச் சொல்லின் வழிவந்தது. ஆகவே 'பிரே' என்பதற்கு நம் வழக்கில் உள்ள தொலைவுறவு பிரச்சினையே ஆகும். ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பதாகக் காணும் 'பிரார்த்தனை' உறவன்று. அது 'பிர' என்னும் முன்னொட்டும் விரும்பிக் கேட்டலைக் குறிக்கும் 'அர்த்' என்னும் அடியும் கூடியது. செவிக்கும் கருத்துக்கும் ஒருங்கே இணங்கும் சொல் பொய்யுறவாகவும், இணங்காத சொல் மெய்யுறவாகவும் முடிதலை, ஒலியொப்புமை ஒன்றே கொண்டு உலகமொழிகளை இணைக்க முற்படுவார் உளங்கொள்வாராக.

'பிரேயர்' என்னும் பெயர்ச்சொல்லின் வரலாறு இதனினும் வியப்புடையது. அதன் மூலம் இடைக்கால இலத்தீனின் 'பிரெக்காரியா'. 'இரந்து பெற்றது' என்னும் பெயரடையின் பெண்பால் வடிவம் அது. நிலையற்றது, இடர்மிக்கது என்னும் பொருளில் இன்று வழங்கும் 'பிரிக்கேரியஸ்' என்பதும் அப்பெயரடையே. செபமும் நிலையாமையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் இருவேறு உருவங்கள் என்று கூறின், சமயச் சொற்பொழிவாளர் அதனை உடனே ஓர் உருவகமாக்கிவிடுவர். உண்மைக் காரணம் உரோமானியச் சொத்துரிமைச் சட்டத்தில் உள்ளது. ஒருவன் வேண்டிக்கொள்ள, உடையவன் இசைந்து தன் நிலத்தையோ பொருளையோ துய்க்கக் கொடுத்து, தான் விரும்பும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் 'பிரெக்காரியம்' என்று பெயர். உரோமானியச் சட்டத் தொகுப்பின் 43ஆம் நூலில் 26ஆம் தலைப்பு அதற்கே உரியது. குத்தகை உண்டெனில் உரிமை உண்டு. இங்கே வேண்டுகோள் மட்டுமே உண்டு. உரிமையின்றி அருளால் வைத்திருப்பது ஆதலின், எந்நேரமும் பறிபோகக்கூடியது. அதனால் அச்சொல் நிலையாமையைச் சுட்டிற்று.

இடைக்கால இங்கிலாந்தின் பண்ணைக் கணக்குகளில் இச்சொல் மற்றொரு திருப்பம் அடைந்தது. குடியானவர் வாரந்தோறும் செய்யக் கடப்பட்ட வேலைக்கு மேலாக, அறுவடை முதலிய காலங்களில் பண்ணைத் தலைவன் 'வேண்டிக்கொள்ள'ச் செய்த வேலைநாட்கள் இலத்தீனில் 'பிரெக்காரியே' எனப்பட்டன. ஆங்கிலத்தில் அவ்வறுவடைக்கு 'பெட்ரிப்' என்று பெயர். வேண்டுதலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லும் அறுவடையும் சேர்ந்தது அது. தலைவன் மது வார்க்கும் நாளுக்கும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளும் நாளுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. இங்கே வேண்டுபவன் வலியவன், மறுக்கலாகாதவன் எளியவன். பெயர் வேண்டுகோள், செயல் கட்டளை. இன்றைய ஆங்கிலத்தின் 'பிட்' என்னும் வினை, வேண்டுதலைக் குறித்த பழைய வினையொன்றும் ஏவுதலைக் குறித்த பழைய வினையொன்றும் மயங்கி ஒன்றானது என்று மொழிநூலார் கூறுவர். அம்மயக்கத்தின் காரணம் ஒலி நெருக்கம் என்பர். பெட்ரிப் நாளில் வயலில் குனிந்து நின்றோர்க்கு அது பொருளிலும் மயக்கமாகவே இருந்திருக்கும்.

அப்பழைய ஆங்கில வேண்டுதற்சொல்லின் முடிவையும் கூறிவிடுதல் நன்று. 'கெபெட்' என்பதே செபத்திற்கு அம்மொழியின் சொந்தப் பெயர். 'பிரேயர்' புகுந்தபின் அது செபவினையின் களத்தை இழந்து, செபங்களை எண்ணுதற்குக் கையில் உருட்டிய மணிகளைக் குறிக்கலாயிற்று. இன்று 'பீட்' என்பது கண்ணாடிக்கடையிலும் நகைக்கடையிலும் விற்கும் மணி. அதில் வேண்டுதல் இருந்ததை அகராதி மட்டும் அறியும்.

இலத்தீன் செபமொழி தமிழையும் நேரே தொட்டது. கத்தோலிக்கர் வழக்கில் நாட்செபம் 'செபம்' எனவே வழங்குகின்றது. மெல்ல உருவேற்றுதலைக் குறித்த வடமொழிச் 'சப' என்பதன் வடிவம் அது. ஆயின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு விதிக்குப்பின் திருப்பலியில் மீட்கப்பெற்ற பொது 'ஓராத்தியோ', தமிழில் விசுவாசிகளின் மன்றாட்டு என்றே பெயர்பெற்றது. அதற்கு முன்னரே, அடுக்கடுக்காக வேண்டும் செபவகைக்கு மன்றாட்டுமாலை என்னும் பெயர் உண்டு. மன்று என்பது ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் பொதுவிடம். மன்றாடுதல் அவ்விடத்தே வழக்காடுதல். பின்னர்க் குறையிரந்து கேட்டல். பன்னிரு பலகையின் 'ஓராரே' நடந்த வழியிலேயே இச்சொல்லும் தனித்து நடந்து வந்துள்ளது. பெயரிட்டவர்கள் பண்டியாப் பலகையை நினைத்தார்கள் என்று கொள்ளுதற்கு இடமில்லை. இரு மொழிகளுக்கும் இதனால் உறவு கற்பித்தலும் ஆகாது. ஆயினும், 'ஓராத்தியோ' என்பதை வாயினின்று பிறந்த பேச்சாகக் கொண்டு மொழிபெயர்ப்பார்க்கு மன்றாட்டு என்னும் சொல் தோன்றியிராது. 'ஓராத்தியோ' என்பதன் பழம்பொருளை, வார்ரோவின் பட்டியலினும் இத்தமிழ்ச்சொல் செவ்வனே காட்டுகின்றது.

பேச்சுக்கிளையும் செபக்கிளையும் பிரிந்தபின்னும், பழைய வழக்குப்பொருள் ஆங்கிலத்தில் முற்றும் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் சான்சரி நீதிமன்றத்தில் முறையிடுவோர் தம் மனுவில் தம்மை 'நான்' என்று எழுதுவதில்லை. 'தங்கள் ஓரட்டர்' என்றே எழுதினர். பெண்ணாயின் 'ஓரட்ரிக்ஸ்'. அந்நீதிமன்றத் தலைவர் இடைக்காலத்திற் பெரும்பாலும் ஆயராக இருந்தமையால், முறையிடுவோன் தனக்கு நீதி கிடைப்பின் அவர்க்காக என்றென்றும் இறைவனை வேண்டுவேன் என்று மனுவை முடிப்பதும் மரபாயிற்று. வழக்காடுபவன், வேண்டுபவன், செபம் செய்பவன் ஆகிய மூவரும் அங்கே 'ஓரட்டர்' என்னும் ஒரே சொல்லில் நின்றனர். வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. அம்மன்றத்தின் நடைமுறை பெரிதும் எழுத்தாலானது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சான்சரி நடைமுறைகள் சீர்திருத்தப்பட்டபோது அவ்வாய்பாடுகள் வழக்கு வீழ்ந்தன.

கேட்கும் தீர்வைக் கூறும் பகுதிக்கு மட்டும் பழம்பெயர் நிலைத்தது. ஆங்கிலச் சட்டமுறையோடு இந்நாட்டுக்கும் வந்த அப்பெயர், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆங்கில மனுக்களிலும் தீர்ப்புகளிலும் இன்றும் 'பிரேயர்' என்றே காணப்படுகின்றது. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் நீதிப்பேராணை கேட்டுச் செல்லும் ஒருவர், நிகழ்ந்தவற்றையும் சட்டக்காரணங்களையும் அடுக்கி, இறுதியில் அத்தலைப்பின்கீழ்த் தமக்கு வேண்டுவதை எழுதுகின்றார்.